வெருகல், மூதூர் கிழக்குப் பிள்ளைகளுக்கு உதவி: புத்தகப்பையா, கோழியா, பஸ் காசா?

#1 கொட்டியாரம்

வணக்கம் எல்லாருக்கும்.

எங்கள் பழைய மாணவர் குழுவிடம் 30 குடும்பங்களுக்கு இரண்டு வருடம் உதவக்கூடிய காசு சேர்ந்திருக்கிறது. பெரும்பகுதி வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பியது. இடம் திருகோணமலை மாவட்டம். ஈச்சிலம்பற்று, பூநகர், வெருகல் முகத்துவாரம் ஒரு பக்கம். பாட்டாளிபுரம், நல்லூர் மறு பக்கம். எல்லாம் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள்.

குழுவில் பாதிப் பேர் ஜனவரியில் கொப்பி, பை, சப்பாத்து கொடுப்போம் என்கிறார்கள். மற்றப் பாதி கோழி, ஆடு, தையல் மெசின் என்று வாழ்வாதாரமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். யாரைத் தெரிவது, எதை எவ்வளவு கொடுப்பது, எந்த மாதத்தில் கொடுப்பது? இந்த மூன்றுக்கும் விசயம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது. "மீன் கொடுக்காதே, தூண்டில் கொடு" என்பதை எல்லாரும் ஏற்கனவே கேட்டுவிட்டோம்.

#2 பாலையூற்று

முதலில் தெரிவைச் சொல்கிறேன். அது பிழைத்தால் மற்றது எல்லாம் பிழைக்கும்.

கிராம உத்தியோகத்தரிடம் பட்டியல் வாங்கி அதையே இறுதிப் பட்டியலாக வைப்பதுதான் வழக்கம். அந்தப் பட்டியலில் விடுபடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். இடம்பெயர்ந்து திரும்பி உறவினர் காணியில் குடிசை போட்டவர்களின் பதிவு இன்னும் பழைய பிரிவிலேயே இருக்கும். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளரும் வீட்டில் குடும்ப அட்டை வேறோர் இடத்தில் இருக்கும். அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) பட்டியலும் தனியாகப் போதாது. 2023 ஜூலையில் அது தொடங்கியபோது விண்ணப்பத்துக்கு ஆவணம் இல்லாதவர்கள்தான் முதலில் விடுபட்டார்கள். உங்கள் உதவி தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

ஆகவே மூன்று வழியில் பெயர் எடுங்கள். ஒன்று, ஜீ.எஸ். (கிராம உத்தியோகத்தர்) பட்டியல். இரண்டாவது, பள்ளிக்கூட வரவுப் பதிவேடு: கடந்த இரண்டு தவணையில் மாதம் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகள். மூன்றாவது குடும்பநல மருத்துவமாது. அவர் எடை குறைந்த பிள்ளைகளின் பட்டியலைத் தரமாட்டார், தரவும் கூடாது. அது வைத்திய இரகசியம். உங்கள் கடிதம் ஒன்றை அவரிடம் கொடுத்து, விரும்பும் தாய்மாரை உங்களிடம் அனுப்பச் சொல்லலாம். மூன்றில் இரண்டில் வரும் வீட்டுக்கு முதலில் போங்கள்.

வரவுப் பதிவேட்டை எண்ணிக்கையாக மட்டும் பார்க்க வேண்டாம். எந்த நாளில் வரவில்லை என்பதிலேயே காரணம் தெரியும். தொடர்ந்து இரண்டு மூன்று கிழமை வராமல் பிறகு வந்தால், அந்தப் பிள்ளை அறுவடைக்கோ வெங்காயத் தோட்டத்துக்கோ போயிருக்கக்கூடும். கிழமைக்கு ஒரு நாள், அதுவும் அநேகமாக ஒரே நாள் என்றால், தாய் கூலிக்கோ சந்தைக்கோ போகும் நாளில் சின்னப் பிள்ளையைப் பார்க்கிறது. நவம்பர், டிசம்பரில் மட்டும் வரவில்லை என்றால் பாதையில் வெள்ளம். மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்று பேருக்கும் ஒரே பையைக் கொடுத்துப் பயன் இல்லை.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேர் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். படம் எடுக்க வேண்டாம், வாக்குறுதி கொடுக்க வேண்டாம். கட்டாயம் கேட்க வேண்டியது: காலையில் பிள்ளையை எழுப்பி அனுப்புவது யார், கிழமைக்கு எவ்வளவு கடன் கட்டுகிறீர்கள், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா. கடன் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள், தாய் தனியாக இருக்கும்போது.

#3 உப்புவெளி

பை, கொப்பி கொடுப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். வெருகல் முகத்துவாரத்திலும் கரையோரம் முழுவதிலும் வாடைக் காற்றுத் தொடங்கினால் கடல் தொழில் படுத்துவிடும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை கையில் காசு இல்லாத காலம். பள்ளிக்கூடச் செலவு வந்து விழுவதும் அந்த நேரத்தில்தான். ஜனவரி உதவிக்கு நியாயம் உண்டு. எதைக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

பாடநூல் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. சீருடைத் துணியும் கொடுக்கிறது. ஆனால் துணி தைத்துப் போட்டால்தானே சீருடை? தையற்கூலி இல்லாமல் துணியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அக்காவின் பழைய வெள்ளைச் சட்டையோடு பிள்ளை போகிறது. துணி வாங்குவதை விட்டு, கிராமத்திலேயே தைக்கிற இரண்டு பெண்களைப் பிடித்துக் கூலியை நீங்கள் கட்டுங்கள். அளவு வீட்டில் எடுக்க வேண்டும். மடிப்பில் இரண்டு அங்குலம் விடச் சொல்லுங்கள், அடுத்த வருடம் இறக்கிவிடலாம். இப்படிச் செய்தால் முன்பு யாரோ கொடுத்துவிட்டுப் போய்ச் சும்மா கிடக்கும் தையல் மெசின்களுக்கும் வேலை வரும்.

சப்பாத்துக்கு வயதைக் கேட்டு வாங்காதீர்கள். பிள்ளையைக் கடதாசியில் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து, பெயர் எழுதி, கடைக்கு அந்தக் கடதாசியையே கொண்டுபோங்கள். பெரிய பாதத்துக்கு அரை அங்குலம் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் குதிக்கால் உரசிப் புண் வரும், பிள்ளை திரும்பச் செருப்போடு போகும்.

பையில் ஸிப் முதலில் போகும், பிறகு தோள்வார். 8ஆம் இலக்க ஸிப் உள்ள பையைக் கேளுங்கள், 5ஆம் இலக்கம் ஒரு தவணைகூடத் தாங்காது. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் பெட்டியும் குறுக்குமாகத் தைத்திருக்க வேண்டும். உங்கள் குழுவின் பெயரைப் பையில் அச்சடிக்க வேண்டாம். வகுப்பில் யார் உதவி வாங்குகிற பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியவைக்கும் வேலை அது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பையைத் தொடவே மாட்டார்கள்.

கொப்பி: தரம் 6 முதல் 9 வரை 12 முதல் 15 கொப்பி, கணிதத்துக்குச் சதுரக்கோடு இரண்டு. ஜனவரியில் எல்லாரும் கொப்பி கொடுக்கிறார்கள், ஜூன் மாதம் யாரும் கொடுப்பதில்லை. கணிதக் கொப்பியும் மொழிக் கொப்பியும் இரண்டாம் தவணைக்குள் முடிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கை ஜனவரியில் கொடுத்து, மீதியை இரண்டாம் தவணைக்கு வையுங்கள். டிசம்பரில் வாங்கி வெருகலில் இறக்கி வைப்பதானால் நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில், பொலித்தீன் சுற்றி. இல்லையென்றால் நகரிலேயே வைத்துவிட்டு மழை விட்ட பிறகு கொண்டுபோங்கள்.

#4 வெருகல்கரை

கோழி பற்றி விரிவாக எழுதுகிறேன். இந்தப் பக்கம் அதிகம் கொடுக்கப்படுவதும் அதிகம் சாவதும் கோழிதான். காரணம் அநேகமாக இரண்டு: ஒருநாள் குஞ்சைக் கொடுப்பது, தடுப்பு மருந்து இல்லாமல் கொடுப்பது.

ஒருநாள் குஞ்சுக்கு முதல் மூன்று கிழமை வெப்பம் வேண்டும். மின்சாரம் இல்லாத வீட்டில், அல்லது மின்சாரம் இருந்தும் பில் கட்டப் பயப்படும் வீட்டில், அது நடக்காது. 8 முதல் 10 கிழமை வயது வந்த நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்குங்கள். விலை கூட, ஆனால் உயிரோடு இருக்கும். வீட்டுக்குப் பத்துப் பேடு, ஒரு சேவல். சேவலை வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் நலிந்து வரும்.

கூடு முதல், கோழி பிறகு. 11 கோழிக்கு இராத் தங்க 12 சதுர அடி போதும், அதாவது 4 அடிக்கு 3 அடி. கால் இரண்டரை அடி உயரம். வெருகலில் இந்த உயரம் கீரிக்காக மட்டுமில்லை, வெள்ளத்துக்காகவும்தான். அடித்தட்டு மூங்கிலோ பனஞ் சிலாகையோ, இடைவெளி ஒரு அங்குலம், எச்சம் கீழே விழும். சுற்றிவர அரை அங்குலக் கம்பிவலை. அகலக் கண்ணுள்ள வலைக்குள் மரநாய் கையை விடும். கூரை தகரமானால் மேலே கிடுகு போடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் வெறும் தகரத்துக்குக் கீழே கோழி வாயைத் திறந்துகொண்டு நிற்கும், முட்டையும் நிற்கும். கூட்டைப் பயனாளியே கட்ட வேண்டும், நீங்கள் வலையும் ஆணியும் தகரமும் கொடுங்கள். கூடு கட்டி முடியாத வீட்டுக்குக் கோழி போகக்கூடாது. இதில் இரக்கம் பார்த்தால் இரண்டு கிழமைக்குள் கீரி எல்லாவற்றையும் முடித்துவிடும்.

மருந்து: ரானிக்கெட் என்ற தொற்றுநோய்தான் எமன். ஒரு வீட்டில் வந்தால் சில நாளில் ஊர்க்கோழி பெரும்பாலும் போய்விடும். கண்ணில் ஒரு சொட்டு விடும் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு முதல் கிழமையிலும் நாலாம் கிழமையிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வாங்கும் குஞ்சுக்கு முதல் இரண்டும் போட்டார்களா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கொடுப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன் இன்னொரு சொட்டு, எதிர்ப்புச் சக்தி வர அவ்வளவு நாள் வேண்டும்.

மருந்து கெடுவது எங்கே என்றால்: 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும், கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். குப்பி ஒன்று நூற்றுக்கணக்கான கோழிக்கு வரும், ஒரு வீட்டுக்கென்று உடைக்க முடியாது. ஆகவே ஊர் முழுவதும் ஒரே காலையில். முதல் நாள் இரவு எல்லாரும் கோழியைக் கூட்டில் அடைத்து, விடியத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் கொண்ட குழு இரண்டு, ஆளுக்கு ஒரு ஐஸ் பெட்டி, ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் மருந்தும் கெடும், கோழியும் அகப்படாது. சொட்டை விட்டதும் கோழி கண்ணைச் சிமிட்டும் வரை பிடித்திருங்கள், உடனே விட்டால் தலையை உதறிச் சிந்திவிடும். மருந்தோடு வரும் நீரிலேயே கரைக்க வேண்டும், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதைக் கொன்றுவிடும். தூங்கி வழியும் கோழிக்குப் போட வேண்டாம்.

உங்கள் 30 வீட்டில் 330 கோழி. ஆனால் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் போட வேண்டும், நோய் வேலி பார்க்காது. ஊரில் மொத்தம் எத்தனை கோழி என்று எண்ணி அதற்கு மருந்து எடுங்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தால் மருந்தும் கிடைக்கும், உதவிக்கு ஆளும் கிடைக்கும்.

கொடுக்கும் மாதம் பெப்ரவரி. மழை விட்டிருக்கும், அறுவடை தொடங்கினால் களத்தில் சிந்தும் நெல் தீனியாகும்.

வருமானக் கணக்கை உள்ளபடியே பார்ப்போம். நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பேட்டுக்கு 600 முதல் 800. இரண்டு பிள்ளைகளுக்குக் கிழமைக்கு மூன்று முட்டைப்படி கொடுத்தால் 312 போகும். அடைக்கு வைக்க 100, 120. மீதி விற்கலாம். இது சம்பளம் இல்லை. பிள்ளையின் தட்டில் முட்டையும், தாயின் கையில் கொப்பி வாங்கும் காசும். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விசயம் இல்லை. இதை "மாத வருமானம்" என்று காசு அனுப்புகிறவர்களுக்குச் சொல்லாதீர்கள்.

#5 கொட்டியாரம்

வெருகல்கரை அண்ணா, மிக்க நன்றி. சம்பளம் போல வருமானம் வேண்டுமென்றால் பண்ணை முட்டைக்கோழி 100 கொடுத்தால் என்ன? குழுவில் ஒருவர் அதைத்தான் கேட்கிறார்.

#6 வெருகல்கரை

100 முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 11 முதல் 12 கிலோ தீன் தின்னும். முட்டை இடத் தொடங்குமுன் 18, 20 கிழமை சும்மா தின்னும். தீன் முழுவதும் கடையில் வாங்குவது. நாலு நாள் தீன் தவறினால் முட்டை விழும், அது பழைய நிலைக்கு வரக் கிழமைகள் எடுக்கும். தீன் மூடை விலை ஏறும் மாதத்தில் முட்டை விலையும் ஏறும் என்று உத்தரவாதம் இல்லை. கையில் ஒரு மாதத் தீனுக்குக் காசு வைத்திருக்கக்கூடிய வீட்டுக்கு அது சரி. நீங்கள் சொல்லும் 30 வீட்டில் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் பெரிது.

ஆடு கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மாரியில் கொடுக்கவே வேண்டாம். ஈரத்தில் குளம்பு அழுகும், குடற்புழு கூடும், சளி பிடிக்கும். பெரும்போகம் விதைத்திருக்கும் காலத்தில் மேய்ச்சலும் இல்லை, அடுத்தவன் வயலில் வாய் வைத்தால் பொலிஸ் வரை போகும். மார்ச்சுக்குப் பிறகு, அறுவடை முடிந்த வயலும் பற்றைக்காடும் கிட்ட உள்ள வீட்டுக்கு மட்டும். தரையிலிருந்து மூன்று அடி உயரப் பரண், ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து. சினைக்காலம் 150 நாள். ஆடு மேய்க்கப் போவது யார் என்று கேளுங்கள். பதில் "மூத்த பொடியன்" என்றால் ஆட்டைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தைப் பறிக்கிறீர்கள்.

#7 ஆலங்கேணி

மேலே பாலையூற்று சொன்ன கடன் விசயத்தைத் தாண்டிப் போக வேண்டாம்.

கிழமைக் கடன் கட்டும் வீட்டில் கொடுத்த சொத்து நிற்காது. திங்கட்கிழமை ஆள் வருவான் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோழி விற்கப்படும். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் அவளுக்காகக் கட்ட வேண்டும், ஆகவே நெருக்குதல் பக்கத்து வீட்டிலிருந்தே வரும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. அதற்குப் பிறகும் கடன் போகவில்லை, வேறு பெயரில் வந்தது.

உங்கள் காசில் கடனை நேரே அடைக்காதீர்கள். அடைத்த மறு மாதம் அதே குழுவில் புதுக் கடன் எழும்பும். ஒவ்வொரு வீட்டிலும் கடன் புத்தகங்களை மேசையில் வைத்து, எங்கே எவ்வளவு, இன்னும் எத்தனை கிழமை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பல பெண்களுக்கு மொத்தத் தொகை தெரியாது, கிழமைத் தொகைதான் தெரியும். நாலைந்து மாதத்தில் முடியும் கடன் என்றால், முடிந்த பிறகு கோழி கொடுங்கள். அதுவரை அந்த வீட்டுக்குத் தையற்கூலி, பஸ் காசு போன்ற விற்க முடியாத உதவி. கடன் முடிந்ததும் முடிவுக் கடிதம் எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

மாதக் காசு அனுப்புவதானால் இரண்டு பொறி இருக்கிறது. பிள்ளை பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்குத் திறந்து அதில் போட்டால், பெரும்பாலும் 18 வயது வரை எடுக்க முடியாது. சேமிப்புக்கு நல்லது, இந்த மாதச் செலவுக்கு உதவாது. தாயின் கணக்கில் போட்டால், அதே வங்கியில் கடன் இருந்தால் காசு விழுந்த அன்றே தவணைக்கு வெட்டுப்படும். கடன் இல்லாத வேறு வங்கியில், தாய் பெயரில், புதுக் கணக்கு. தாய் வெளிநாட்டில் என்றால் பிள்ளையை வைத்திருக்கும் அம்மம்மா பெயரில், தாயின் சம்மதக் கடிதத்தோடு.

#8 கிண்ணியாக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

யாரும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் பார்வை பார்க்கிறார்கள். குறை இருந்தால் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் துண்டு பைக்குள்ளேயே கிடந்து கிழியும். பாலங்கள் வந்து கிண்ணியாவால் றோட்டு நேராகப் போனாலும், வெருகலிலிருந்து திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு இரண்டு பேருக்குப் போகும். அதிபரிடம் கேட்டால் எந்தப் பிள்ளைக்குத் துண்டு கொடுத்தது என்று சொல்வார்.

14 இருக்கை வான் என்றால் ஆறு பிள்ளை, ஆறு பெற்றோர், உங்கள் ஆள் ஒருவர். கிளினிக் நாளை முதலில் கேட்டு, காலை ஏழுக்கு முன் இலக்கம் எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துத்தான் அளப்பார்கள். அன்று முழுவதும், சில மருந்துக்கு அதற்கு மேலும், கிட்ட உள்ளது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். தவணைப் பரீட்சைக் கிழமையில் கொண்டுபோக வேண்டாம், தொப்பி கொடுத்து விடுங்கள். இரண்டாம் முறை வர வேண்டியிருக்கும், வான் காசை இரண்டு தடவைக்கு ஒதுக்குங்கள்.

கண்ணாடிச் சட்டகம் பிளாஸ்டிக், வில்லையும் பிளாஸ்டிக். கழுத்தில் மாட்டும் கயிறு. கொடுத்து மூன்று மாதம் கழித்து வகுப்புக்குப் போய்ப் பாருங்கள், போட்டிருக்கிறதா என்று. பெண் பிள்ளைகள் கழற்றி வைப்பது உண்டு, பேச்சுக் கேட்க வேண்டிவரும் என்று தாய்மாரே மறைப்பார்கள். அந்தத் தாயோடு ஆசிரியை பேசினால்தான் எடுபடும். பிள்ளையின் கண் அளவு மாறிக்கொண்டே போகும், வருடம் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

போக்குவரத்துக்கு, பஸ் ஓடும் றோட்டில் இருக்கும் பிள்ளைக்கு இ.போ.ச. (அரச பஸ்) பருவச்சீட்டு எடுத்துக் கொடுங்கள். அதற்கு அதிபரின் ஒப்பம் வேண்டும், மாதம் பிறக்குமுன் எடுக்க வேண்டும். தனியார் பஸ்ஸில் செல்லாது, ஆகவே பள்ளிக்கூட நேரத்துக்கு இ.போ.ச. பஸ் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான். உள்ளே மணல் பாதையில் இருக்கும் பிள்ளைக்குச் சைக்கிள்: தரம் 6 முதல் 8 வரை 24 அங்குலம், அதற்கு மேல் 26.

#9 பாலையூற்று

கிண்ணியாக்கரை நானா சொன்ன சைக்கிளுக்கு ஒன்று சேர்க்கிறேன். உடைமுள் ரியூப்பைக் குத்தும், கடற்காற்றில் செயின் துருப்பிடிக்கும், மணலில் பிரேக் கட்டை தேயும். பத்துச் சைக்கிள் கொடுத்தால் கூடவே பத்து ரியூப், நாலு ரயர், இருபது சோடி பிரேக் கட்டை, ஒட்டும் பசை, எண்ணெய் வாங்கி ஊரில் திருத்துகிற ஒருவரிடம் வையுங்கள். அவருக்குக் கூலி நீங்கள், பிள்ளைக்கு இலவசம். இந்த ஏற்பாடு இல்லாத சைக்கிள் முதல் பெரிய பஞ்சரோடு வீட்டுப் பின்பக்கம் போய்விடும். தகப்பன் வேலைக்கு எடுத்துப் போவதையும் தடுக்க முடியாது. பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளையிடம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கலாம். காலையில் பள்ளிக்கூடச் சைக்கிள் தரிப்பிடத்தைப் பார்த்தால் போதும்.

#10 தென்னமரவாடி

ஆவண வேலை. யாரும் படம் எடுத்துப் போடாத உதவி இது, ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை தரம் 1இல் எப்படியோ சேர்ந்துவிடும். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கும், அடுத்ததாகச் சாதாரண தரப் பரீட்சை. அப்போது ஓடத் தொடங்கினால் நேரம் போதாது. தரம் 8 வரையுள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் இப்போதே கேளுங்கள். பிறந்து மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். வைத்தியசாலையில் பிறந்த பதிவு, கிளினிக் அட்டை, ஜீ.எஸ். கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், பெற்றோரின் விவாகச் சான்றிதழ் இருந்தால் அது. வேறு மாவட்டத்தில் முகாமில் இருந்தபோது பிறந்த பிள்ளை என்றால் பதிவு அங்கேயே இருக்கக்கூடும், முதலில் அங்கே தேடல் விண்ணப்பம் போட வேண்டும்.

தகப்பன் காணாமற்போன வீடுகளில் காணி, வங்கிக் காசு எல்லாம் தடைப்பட்டு நிற்கும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாதவர்கள் காணாமற்போனவர் என்ற சான்றிதழை எடுக்கலாம். எடுப்பதும் விடுவதும் அந்தத் தாயின் முடிவு. வழி இருக்கிறது என்று சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் பஸ் காசு, போட்டோப் பிரதி, ஒரு நாள் கூலி. அலுவலகம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் பாதி வேலை முடியும்.

#11 உப்புவெளி

படம் பற்றித் தென்னமரவாடி தொட்டதால் சொல்கிறேன். வெளிநாட்டில் காசு தருகிறவர்கள் முகம் தெரியும் படம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பிள்ளையின் முகம், பெயர், பள்ளிக்கூடம், "தகப்பன் இல்லை" என்ற குறிப்பு, இவை நாலும் சேர்ந்து முகநூலில் போனால் அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிக்க யாராலும் முடியும். பதிலுக்கு மாதம் ஒரு தாள் அனுப்புங்கள்: எத்தனை பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கூடம் வந்தது, எத்தனை கோழிக்கு மருந்து போட்டது, எந்தப் பற்றுச்சீட்டு எவ்வளவு. காசு கொடுத்தவருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

பிள்ளைகளோடு தனியாக யாரும் இருக்கக்கூடாது, இரண்டு பெரியவர்கள் எப்போதும். துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் குழுவுக்குள் பேசித் தீர்க்க வேண்டாம், 1929க்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள்.

குழுவில் யாராவது "சிறுவர் இல்லத்துக்குக் கொடுப்போம்" என்றால் ஒன்று யோசியுங்கள். இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார். வீட்டில் வறுமை, அதனால் இல்லம். அதே காசை வீட்டுக்குக் கொடுத்தால் பிள்ளை தாயோடு இருக்கும்.

#12 ஆலங்கேணி

அனுமதிகளை இப்போதே தொடங்குங்கள். பள்ளிக்கூடத்துக்குள் போக வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அதிபரோடு நல்ல பழக்கம் என்பது போதாது, பிறகு அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். பிரதேச செயலாளருக்குத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கம் வேறு யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும், இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று தையல் மெசின் போகும். பழைய மாணவர் குழு என்றாலும் வெளிநாட்டுக் காசு தொடர்ந்து வருமானால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். வங்கியும் அதைக் கேட்கும். குழுக் கணக்கில் கையொப்பம் மூன்று பேர், காசோலைக்கு இரண்டு பேர்.

#13 கொட்டியாரம்

எல்லாருக்கும் நன்றி. குழுவுக்கு வைக்கப்போகும் வரைவு இது, பிழை இருந்தால் சொல்லுங்கள்.

செப்டம்பரில் அனுமதிக் கடிதங்கள், மூன்று வழிப் பெயரெடுப்பு. ஒக்டோபரில், மழைக்கு முன் வீட்டு விசாரிப்பு, கால் அளவு, சட்டை அளவு, கடன் தாள். நவம்பரில் தையல், ஆவண வேலை தொடக்கம். ஜனவரியில் முதற்பங்குக் கொப்பி, பை, சப்பாத்து. பெப்ரவரி தொடக்கத்தில் கூடு பார்ப்பது, கடைசியில் கோழி. மே மாதம் கண் கிளினிக்கும் இரண்டாம் பங்குக் கொப்பியும். கோழி 30 வீட்டுக்கும் இல்லை, கடன் தாளும் கூடும் சரியாக இருக்கும் வீட்டுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பஸ் அல்லது சைக்கிள்.

காசில் 100 ரூபாவுக்கு 20 ரூபா பின்தொடரும் வேலைக்கு என்று வைத்திருக்கிறேன்: மருந்து, ஐஸ், வான், சைக்கிள் திருத்தம், ஊரில் ஒருவருக்கு மாதக் கொடுப்பனவு. குழுவில் சிலர் இது கூட என்கிறார்கள்.

#14 வெருகல்கரை

20 கூட இல்லை தம்பி, அதில் கை வைக்க விடாதீர்கள். பெப்ரவரியில் கோழி கொடுத்தால் மே, ஓகஸ்ட், நவம்பர் என்று மருந்து நாள் வரும். அந்த மூன்றும் தவறினால் மற்ற 80இல் கோழிக்குப் போன பங்கு மண்ணுக்குள் போகும்.

வரைவில் இரண்டு மாற்றம். நவம்பர் மருந்தை ஒக்டோபர் நடுப்பகுதிக்கு முன்தள்ளுங்கள், மழை இறங்கினால் உள்பாதையில் ஐஸ் பெட்டியோடு போக முடியாது. ஊரில் வைக்கும் ஆளாகக் கோழி வாங்கிய பெண்களில் ஒருவரையே எடுங்கள், வெளியாள் வேண்டாம். சொட்டு விடுவதைக் கால்நடை அலுவலகத்தில் ஒரு நாளில் பழகலாம். விடியற்காலையில் வீட்டுக்கு வீடு போக அவரால்தான் முடியும்.

#15 கிண்ணியாக்கரை

மே மாதக் கண் கிளினிக்குக்கு மார்ச்சிலேயே துண்டுகளைச் சேர்த்து நாள் கேளுங்கள். பழைய துண்டாக இருந்தால் அதிபர் மூலம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் புதிதாக எழுதி எடுக்கலாம். அந்த வானில் இடம் மிஞ்சினால் அடையாள அட்டைக்கு நகருக்கு வர வேண்டிய பிள்ளையையும் தாயையும் ஏற்றிக்கொள்ளுங்கள், தென்னமரவாடி சொன்ன வேலையும் அதே நாளில் முடியும்.